பிள்ளைக்கு அந்தக் கதையை எப்போது சொல்லலாம்?

மதுரையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. ஊர் முழுக்கக் கதை கிடக்கிறது, அதில் பாதிக்கு மேல் பெரியவர்கள் கதை. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் போனால் மதுரைவீரன் நிற்கிறார், கூடவே பொம்மியும் வெள்ளையம்மாளும். "ஏன்ப்பா ரெண்டு பேரு?" என்று பிள்ளை கேட்கும். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு மூடிய கதவுதான் சன்னதி. "உள்ள யாரு? ஏன் பூட்டி வச்சிருக்காங்க?" சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலைக் கண்ணகியோடு சேர்த்துச் சொல்வார்கள். காந்தி மியூசியத்தில் ரத்தக்கறை படிந்த துணி இருக்கிறது. கிடா வெட்டு இல்லாத குலதெய்வக் கும்பிடு எங்கள் சொந்தத்தில் அபூர்வம்.

ஆகவே சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்க இங்கே இடமில்லை. நாம் சொல்லாவிட்டால் ஸ்கூல் வேனில் பக்கத்து சீட்டுப் பையன் சொல்லிவிடுவான். எப்போது, எவ்வளவு, யார் வாயால் என்பதுதான் பாக்கி. அதை முடிவு செய்ய வீட்டுக்கு வீடு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் வயதைப் பார்ப்பவர்கள் உண்டு. பிள்ளை எவ்வளவு சரளமாக வாசிக்கிறது என்று பார்ப்பவர்கள் உண்டு. கதையை வெட்டி ஒட்டிச் சொல்பவர்கள், அப்பத்தா மாதிரி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுபவர்கள், பிள்ளை கையிலேயே விட்டுவிடுபவர்கள் என்று மற்றவர்கள். எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் ஏதோ ஒரு சமயம் பார்த்தாயிற்று. எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒன்பது வயதில் மகள், ஐந்து வயதில் மகன். அவர்களின் அப்பத்தா, அதாவது என் அம்மா, எங்களோடுதான் இருக்கிறார். இந்த ஒப்பீட்டில் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் விழுந்தால் அதற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை.

வயதைப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே சுலபம். சினிமாவுக்கு 2024-ல் வந்த விதிகள் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்திருக்கின்றன. ஓடிடி தளங்களுக்கு 2021-லேயே இந்தப் பிரிவு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கான புத்தகங்களிலும் பலவற்றில் வயது போட்டிருக்கும். கடையில் அவசரமாக நிற்கும்போது இது உதவும். பிறந்தநாள் பரிசு வாங்கப் போகும் தாய்மாமனுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த எண் எதை அளந்து போட்டது என்று அட்டையில் இருக்காது. எழுத்தின் பருமனா, வாக்கியத்தின் நீளமா, கதையில் விழும் பிணங்களின் எண்ணிக்கையா?

இருந்தாலும் வயதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சில விஷயங்கள் ஒரு வயதுக்கு முன் பிள்ளைக்கு எட்டவே எட்டாது. 1983-ல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு குட்டிக்கதை சொல்லிப் பார்த்தார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் பையன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டின. தனக்குத் தெரிந்தது இன்னொருவனுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது நாலைந்து வயதில்தான் பிடிபடத் தொடங்குகிறது. 'அவன் இப்படி நினைக்கிறான் என்று இவன் நினைக்கிறான்' என்ற அடுத்த அடுக்குக்கு இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். செத்தவர் திரும்பி வரமாட்டார், எல்லோருக்கும் அது உண்டு என்பதும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 5 முதல் 7 வயதுக்குள் மெல்ல மெல்லப் புரிகிற சங்கதி.

இதைச் சிலப்பதிகாரத்தில் பொருத்திப் பாருங்கள். அரண்மனைப் பொற்கொல்லனுக்குத் தெரிந்தது அரசனுக்குத் தெரியாது. அரசனுக்குத் தெரியாது என்பது கோவலனுக்குத் தெரியாது. கதை முழுவதும் இந்த அறியாமைகளின் மேல்தான் நிற்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அதில் கேட்பது தீ எரியும் சத்தம் ஒன்றுதான். என் மகன் நாலு வயதில் இந்தக் கதையை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "கோவலன் எப்ப எந்திரிப்பான்?" என்றான். (வேடிக்கை என்னவென்றால், வெட்டுப்பட்ட கோவலனை இளங்கோவே ஒரு தடவை எழுப்பி, கண்ணகியின் கண்ணீரைத் துடைக்க வைத்து, அப்புறம்தான் விண்ணுக்கு அனுப்புகிறார். பதினான்காம் நாள் வானவூர்தியில் வந்து அவளை அழைத்துப் போகவும் வைக்கிறார். நாலு வயதுக்காரர்களுக்கு அது போதும்.)

ஆக, வயது நமக்குக் கீழ்வரம்பைச் சொல்லும். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில், தாத்தாவின் சாவை நடுவீட்டில் பார்த்த பிள்ளையும் சாவு என்றால் செல்போன் விளையாட்டில் வருவது என்று நினைக்கும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கின்றன. இருவருக்கும் ஒரே எண்ணை ஒட்டி என்ன செய்ய?

பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில் போகின்றன. எவ்வளவு வாசிக்க முடிகிறதோ அவ்வளவு. தமிழக அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று வகை பிரித்துத் தருகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் நான்கு படிநிலைகள் உண்டு, தமிழில் இலவசமாகவே படிக்கலாம். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையின் கையில் தலையணை மாதிரி ஒரு புத்தகத்தைத் திணித்து வாசிப்பையே வெறுக்க வைக்கிற அபாயத்திலிருந்து இவை காப்பாற்றும். அந்த வேலைக்கு இவற்றைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஆனால் கதைக்குள் இருக்கும் விஷயத்துக்குப் பிள்ளை தயாரா என்று இவை சொல்லாது. சொல்லவும் முயல்வதில்லை. தமிழ்ப் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். நாலு வயதில் சளசளவென்று பேசும் பிள்ளை, புத்தகத்தைத் திறந்ததும் வேறொரு தமிழைப் பார்க்கிறது. வீட்டில் கேட்காத வினைமுற்றுகள், வீட்டில் யாரும் பேசாத நீள வாக்கியங்கள். அதனால் காதால் புரிந்துகொள்ளும் கதைக்கும் கண்ணால் வாசிக்க முடிகிற கதைக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழுகிறது. வாசிப்பை மட்டும் பார்த்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முயல்-ஆமைக் கதைதான் கிடைக்கும். கேட்க விட்டால் அதே பிள்ளை மாணிக்கவாசகர் கதைக்கு வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்யும்.

ஆங்கில மீடியம் வீடுகளில் வேறு கூத்து. பிள்ளை தடித்தடியாக ஆங்கிலக் கதைப் புத்தகம் முடிக்கிறது, தமிழில் பேருந்துப் பலகை படிக்கத்தான் மூச்சு வாங்குகிறது. அந்த ஆங்கில வேகத்தைப் பார்த்துவிட்டு, 'இவள் வயசுக்கு மீறின பிள்ளை' என்று பெற்றோர் முடிவுகட்டி, பதின்மூன்று வயதுக்காரர்கள் படிக்கும் காதல், தற்கொலைக் கதைகளை ஒன்பது வயதில் கொடுத்துவிடுகிறார்கள். எழுத்தைத் தாண்டிவிட்டாள், சரி. அந்த வருத்தத்தைத் தாண்டிவிட்டாளா? தினசரியின் குற்றச் செய்தியையும் அவள் தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். அதற்காக அதை யாரும் பாடமாக வைப்பதில்லை.

அடுத்தது வெட்டிச் சொல்வது. கதையில் கூடாதது வரும் இடத்தில் கத்தரி. படித்த பெற்றோரில் பெரும்பாலானோர் இந்தக் கட்சி, நானும் பாதிக்குப் பாதி. இதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு: அளவைக் குறைக்கலாம், காரணத்தைத் தூக்கக் கூடாது. குழம்பில் மிளகாயைக் குறைக்கலாம். புளியே இல்லாமல் புளிக்குழம்பு வைக்க முடியாது. கண்ணகி இடது மார்பைத் திருகி எறிந்ததைச் சின்னப் பிள்ளைக்கு 'கோபத்தில் நெருப்பைக் கூப்பிட்டாள்' என்று சொன்னால் கதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மாதவியை எடுத்துவிட்டால்? கோவலனிடம் ஏன் காசில்லை, எதற்காக ராத்திரியோடு ராத்திரியாகப் புகாரை விட்டு மதுரைக்கு வந்தார்கள், ஏன் சிலம்பை விற்க வேண்டி வந்தது? ஒன்றுக்கும் பதில் இருக்காது. பள்ளி நாடகங்களில் இப்படித்தான் கோவலன் வியாபார நஷ்டத்தில் மதுரைக்கு வருகிறான். பிள்ளைகள் ஓட்டையைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். "பணக்கார வீட்ல அப்பா அம்மா இருந்தாங்களே, அவங்ககிட்ட கேக்கலாம்ல?" கேட்கலாம்தான். வெட்கம் கேட்கவிடவில்லை. அந்த வெட்கம் எதனால் என்று சொல்லத்தான் மாதவி வேண்டும். 'வேறொருத்தியோடு போய்விட்டான், கையில் இருந்ததெல்லாம் தீர்ந்தது, வெட்கப்பட்டுத் திரும்பி வந்தான்' என்றால் எட்டு வயதுக்குப் போதுமானது, பொய்யும் இல்லை.

வெட்டுக்கு வெளியே ஒரு விலையும் உண்டு. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சேற்றிய காட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கை கதையில், பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்கிறவள் பெற்ற தாய். 1840 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். பெற்ற தாயின் மானம் காப்பாற்றப்பட்டது. உலகத்துச் சித்திகள் எல்லாம் மாட்டிக்கொண்டார்கள்.

இனி அப்பத்தா வழி. இதில் கத்தரியும் இல்லை, வயது வரம்பும் இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து, மொட்டை மாடியில் பாய் விரித்ததும் கேட்கிற பிள்ளைக்கெல்லாம் ஒரே கதை. படித்தவர்களுக்கு இது பொறுப்பில்லாத காரியமாகத் தெரியும். கூர்ந்து பார்த்தால் அச்சிட்ட எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு வசதி இதில் இருக்கிறது. சொல்கிறவர் கேட்கிறவனின் முகத்தைப் பார்க்கிறார். பிள்ளை நெருங்கி வந்து ஒட்டிப் படுத்தால் குரலை இறக்குகிறார். கொட்டாவி விட்டால் பாதிக் கதையைத் தாண்டுகிறார். "வேணாம் அப்பத்தா" என்றால் அந்த இடத்திலேயே ஒரு நரி வந்து கதையை வேறு பக்கம் இழுத்துப் போய்விடும். இன்னொன்று, காதால் கேட்ட கதைக்குப் பிள்ளை தானேதான் படம் வரைந்துகொள்கிறது. கை வெட்டு, கால் வெட்டு என்று சொன்னாலும் அதன் மனசில் வருவது அது இதுவரை பார்த்த அளவுக்குத்தான்.

நரியைப் பரியாக்கிய கதையை எங்கள் வீட்டில் அக்காவும் தம்பியும் ஒரே பாயில் கேட்டார்கள். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பணத்தைத் திருவாதவூரர், அதாவது மாணிக்கவாசகர், திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிடுகிறார். சிவன் நரிகளைக் குதிரையாக்கி ஓட்டி வருகிறார். ராத்திரி அவை மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த நிஜக் குதிரைகளையும் கடித்து வைக்கின்றன. என் மகன் ஊளையிட்டே மாடியைச் சுற்றி வந்தான். அவனுக்குக் கதை அதுதான். மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்:

"ராசா காசைக் கேக்காம எடுத்தது தப்பில்லையா அப்பத்தா?"

"சாமிக்குத்தேன கட்டுனாரு தாயி."

"காசு ராசாவோடது. அது ஊர்க்காரங்க வரி கட்டுனது. எங்க மிஸ் சொன்னாங்க."

அப்பத்தா திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார், அல்லது தூங்கினார் போல இருந்தார்.

நான் இந்த வழியைப் பெரிதாக மதிப்பதற்கு அந்தக் கேள்வியே காரணம். ஒரு கதை, இரண்டு பிள்ளைகள். ஒருவனுக்கு நரி போதும், இன்னொருத்திக்கு அதற்குள்ளிருந்த நியாய வழக்கு தெரிகிறது. யாருக்கு என்ன கொடுப்பது என்று பெரியவர்கள் முன்கூட்டியே முடிவு செய்யத் தேவைப்படவில்லை.

குறையும் உண்டு. அப்பத்தாக்கள் கதையைப் போலீஸ் வேலைக்கு அனுப்புவார்கள். "சாப்பிடலேன்னா கருப்பு வந்துரும்." கருப்பர் ஊரைக் காக்கிற சாமி, சோற்றுத் தட்டைப் பார்க்க வருகிறவர் இல்லை. இப்படி மிரட்டி வளர்த்த பிள்ளைக்கு அந்த மூடிய கதவு காலத்துக்கும் பயமாகவே தங்கிவிடும். அப்புறம் சாதி. பொற்கொல்லன் ஏன் பொய் சொன்னான் என்று பிள்ளை கேட்டதற்கு, "அவங்கெ அப்படித்தேன்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. வகுப்பில் மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அப்பா நகைப்பட்டறை வைத்திருப்பவர். அன்று ராத்திரி நான் குறுக்கே புகுந்து, அவன் ராணியின் சிலம்பைத் திருடியவன், மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பொய் சொன்னான், செய்த தொழிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வேண்டி வந்தது. ரத்தத்துக்கு நடுங்குகிற பெற்றோர் இந்த மாதிரி இடங்களைக் கவனிக்காமல் விடுவது எனக்கு ஆச்சரியம். ரத்தம் அடுத்த நாள் மறந்துபோகும். இது மறக்காது.

பிள்ளை கையிலேயே விட்டுவிடும் வழிக்கு இப்போது மதுரையில் நல்ல வசதி. நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. சிம்மக்கல் மைய நூலகம் பழைய துணை. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது கையில் ஒரு தொகையைக் கொடுத்து, "உனக்குப் பிடிச்சதை எடு" என்று சொல்லிப் பார்த்தால் தெரியும், அவர்கள் எடுப்பது நாம் பயப்படும் புத்தகமாகவே இருக்காது. பெரும்பாலும் டைனோசர். புரியாத புத்தகம் பிள்ளையைக் கெடுப்பதைவிட அலுப்பூட்டுவதுதான் அதிகம். நாலு பக்கத்தில் மூடிவிடும். இந்த வழியை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதம் இது, ஓரளவு சரிதான். ஆனால் தனியாகப் படித்த பிள்ளை தனியாகவே பயப்படும். எதைப் படித்துப் பயந்தது என்று நமக்குத் தெரிய வராது. கேட்டால் சொல்லுமா என்பது, முன்பு கேட்டபோது நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதைப் பொறுத்தது. அதனால் இதை முதல் வழியாக வைக்க மாட்டேன். கூடவே உட்கார்ந்து கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அடுத்த கட்டமாக வைப்பேன்.

திரையைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு. மேலே சொன்ன தாராளம் எதுவும் அதற்குப் பொருந்தாது. திரையில் படத்தை வரைகிறவர் வேறொருவர், அதுவும் பெரியவர்களின் அளவுக்கு. வேகத்தைப் பிள்ளையால் குறைக்க முடியாது. எனவே சினிமாவுக்குப் போட்ட 7, 13, 16-ஐ நான் மதிக்கிறேன். கண்ணகி கதை பிள்ளைக்குக் கனமாயிற்றே என்று தயங்குகிற வீடுகளில், மாலை சீரியலில் பாலில் விஷம் கலப்பதைப் பிள்ளை சோறு தின்றுகொண்டே பார்க்கிறது. விஷம் வைத்தவள் ஏன் வைத்தாள் என்று யாரும் பேசுவதில்லை, விளம்பரம் வந்துவிடுகிறது.

சரி, இத்தனையையும் வைத்து எப்படி முடிவு செய்வது? பிள்ளை கதைக்கு அப்புறம் என்ன கேட்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்கிற காலம் ஒன்று. அந்தக் காலத்துக்குப் பிட்டுக்கு மண் சுமந்த கதை கனக்கச்சிதம். வைகையில் வெள்ளம், வந்திக் கிழவிக்கு ஆளில்லை, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டுச் சாமி படுத்துத் தூங்குகிறார், பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான், அடி ஊரில் எல்லோர் முதுகிலும் விழுகிறது, அடித்தவன் முதுகிலும். தப்புக்கு அந்த நொடியே பதில் கிடைக்கிறது. ஆவணி மூலத்தன்று பிட்டுத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனால் கதை கண்முன்னேயும் நடக்கும். இந்தக் கதை நிறைவாக முடிந்துவிடுகிறது. சின்னப் பிள்ளைகளுக்குத் தேவை அந்த முடிவு. அதில் அடி இருக்கிறதா, வெள்ளம் இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம்.

"ஏன் அப்படிச் செஞ்சாங்க?" என்று கேட்கத் தொடங்கியதும் அப்படி நிறைவாக முடியாத கதைகளுக்கு வாசல் திறக்கலாம். நல்லவன் தப்பு செய்கிற கதை, தப்பு செய்யாதவன் தண்டனை வாங்குகிற கதை. பெரியவர்கள் கதை என்று நான் சொல்வது இதைத்தான். பாண்டியன் கொடுங்கோலன் இல்லை. அவசரப்பட்டான், விசாரிக்கவில்லை, ஓர் உயிர் போய்விட்டது. தானே கள்வன் என்று சொல்லி விழுந்து சாகிறான். என் மகள் அந்த இடத்தில், "ராசா பாவம்ப்பா" என்றாள். கோவலனுக்காகவும் வருத்தம், அவனைக் கொல்லச் சொன்னவனுக்காகவும் வருத்தம். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடிகிற பிள்ளைக்கு அந்தக் கதை தாங்கும். மதுரை எரிகிற இடத்தில் அவள் கேட்டது வேறு: "நம்ம வீடும் எரிஞ்சிருக்குமா?" முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்லித்தான் கண்ணகி தீயை ஏவினாள் என்றதும், "அப்ப அப்பத்தாவும் நாங்களும் தப்பிச்சோம். நீங்கதான்..." என்று என்னைப் பார்த்தாள்.

மதுரைவீரன் கதை இதற்கும் கொஞ்சம் மேலே. மாறுகால் மாறுகை வாங்கினார்கள், அதாவது ஒரு பக்கக் கையையும் மறுபக்கக் காலையும் வெட்டினார்கள் என்பதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள், தாங்கிக்கொள்வார்கள். வீரனை வளர்த்தவர்கள் எந்தச் சாதி, பொம்மியின் வீட்டார் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்ற இடத்தில்தான் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அது பிள்ளை தயாராக இல்லாததால் வரும் தடுமாற்றம் இல்லை. அந்த மாதிரிச் செய்தி இன்றைக்கும் தென்மாவட்டங்களிலிருந்து வருகிறது என்பதால் வருவது. 'அந்தச் சாதிக்காரர்களைத் தங்களுக்குக் கீழே என்று நினைத்தார்கள், அப்படி நினைப்பது தப்பு' என்று நேராகச் சொல்ல நாம் தயாரானால் எட்டு, ஒன்பது வயதில் சொல்லிவிடலாம். நாம் தயாராகாவிட்டால் கதையைத் தள்ளிப்போடுவது நல்லது.

"இதுல எது நிஜம்?" என்று பிள்ளை கேட்கும் காலம் பிறகு வரும், பன்னிரண்டு வயதுக்கு முன்னே பின்னே. அதற்கு இந்தப் பக்கத்தில் சமணர் கதையைவிட நல்ல பாடம் இல்லை. சின்ன வயதில் அது ஏடு எதிர்நீச்சல் போட்ட கதை: சம்பந்தர் வைகையில் விட்ட ஓலை வெள்ளத்தை எதிர்த்துப் போய்க் கரை சேர்ந்த ஊர் திருவேடகம் என்பார்கள். அந்த வயதில் கதையை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர்கள் கழுவேறினார்கள் என்று புராணம் சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொல்லும் நாளில் கீழக்குயில்குடி மலைக்குக் கூட்டிப்போக வேண்டும். செட்டிப்புடவில் தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து. சம்பந்தர் காலம் 7-ம் நூற்றாண்டு. இந்தச் சிற்பங்கள் 9, 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அக்கா மகனிடம் இந்த இரண்டு எண்களை மட்டும் சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். இறங்கி வரும்போது அவனே, "அப்ப எல்லாரையும் கொன்னிருக்க முடியாதுல்ல மாமா?" என்றான். கழுவேற்றம் நடந்ததா என்றே வரலாற்று ஆய்வாளர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள் என்பதை அவனிடம் அதற்கப்புறம்தான் சொன்னேன்.

கண்ணகி கதைக்கும் இப்படி ஒரு மேல்தளம் உண்டு. நெடுஞ்செழியன் இறந்த பிறகு, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்குப் பலி கொடுத்தான் என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஒருவன் பொய்க்கு ஆயிரம் உயிர். மேடைப் பேச்சுகளில் இதை நான் கேட்டதில்லை. மகளுக்கு இதை இன்னும் சொல்லவில்லை, இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

தயாராகவில்லை என்பதையும் பிள்ளைகள் காட்டிவிடுவார்கள். பயந்துகொண்டே "இன்னொரு தடவை சொல்லு" என்றால் கவலை இல்லை. அந்தப் பயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிக்கொள்கிறார்கள். கேள்வியே கேட்காமல் அமைதியானால், அந்தப் பேச்சை எடுத்தாலே வேறு பேச்சுக்குத் தாவினால், நேற்று வரை தனியாகப் போன பாத்ரூமுக்குத் துணை கேட்டால், கதையை நிறுத்தி வைக்க வேண்டியதுதான். சில மாதம் கழித்து அதே கதையை அவர்களே கேட்பார்கள்.

வீட்டில் பெரியவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் எங்கள் ஏற்பாடு எளிமையானது. ராத்திரி பிள்ளை அலறி எழுந்தால் எழுந்து பார்ப்பவர் யாரோ அவர் சொல்வது செல்லும். எங்கள் வீட்டில் அது என் மனைவி. அதனால் பேய்க்கதைகளுக்கு இப்போதைக்குத் தடை. எனக்கும் சம்மதம்தான், அவற்றில் பயத்தைத் தவிரப் பேசிப் பார்க்க ஒன்றும் இருப்பதில்லை.

மகள் இப்போது கண் வைத்திருப்பது பீரோ மேல் இருக்கும் ஐந்து பாகச் சரித்திர நாவலின் மேல். சினிமாவாக வந்ததிலிருந்து இந்த நச்சரிப்பு. சூழ்ச்சி, கொலை, காதல் எல்லாம் அதில் இருக்கிறது. அவள் இதற்குள் கேட்டுவிட்ட கதைகளோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அவளை மலைக்க வைக்கப் போவது பக்கக் கணக்குதான். முதல் பாகத்தை மட்டும் இறக்கிக் கொடுத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவிடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டோம் என்பது ஒப்பந்தம். ராத்திரி கொஞ்சம் நான் வாசிக்கிறேன், பகலில் அவள் தொடர்கிறாள். அப்பத்தாவுக்குத்தான் இதில் திருப்தி இல்லை. கதை சோழநாட்டுக்காரர்கள் பக்கமே சாய்கிறதாம், பாண்டிய நாட்டு ஆட்களை எல்லாம் சதிகாரர்களாகக் காட்டியிருக்கிறார்களாம்.